சொல்லிவிட்டுக் கிளம்புவதா, காக்காயைக் காட்டிவிட்டுக் கிளம்புவதா?

22 பிப்ரவரி 2025 (அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்)

டீச்சர், என் மகள் கம்போடியாவில் சியம் ரீப் பக்கம் ஓர் இல்லத்துக் குழந்தைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனவள், ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்புகிறாள். நாள் நெருங்க நெருங்கத் தொலைபேசியில் அழுகைதான். கடைசிவரை பிள்ளைகளிடம் மூச்சு விடாமல், அவர்கள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு என்று சொல்லியிருக்கிறேன். நம் வீடுகளில் ஆச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காயைக் காட்டும்போது தாய் புறவாசல் வழியாக வேலைக்குப் போவதில்லையா? அந்தப் பிள்ளைகளெல்லாம் கெட்டா போய்விட்டன? நீங்களும் நேபாளத்தில் தன்னார்வப் பணியை முடிக்கும் தறுவாயில் இருப்பதால் கேட்கிறேன், நான் சொன்னது சரிதானே?

23 பிப்ரவரி

கூடாது, அண்ணாச்சி. காக்காயைக் காட்டிவிட்டுப் போகிற தாய் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறாள். உங்கள் மகள் திரும்பப்போவதில்லை. பள்ளியிலிருந்து வரும் பிள்ளை காலியான கட்டிலைப் பார்த்து, தான் ஏதோ சேட்டை செய்ததால்தான் அக்கா போய்விட்டாள் என்று கணக்குப் போடும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை நான் பாளையங்கோட்டையிலேயே பார்த்திருக்கிறேன். வேலை மாறிப்போன ஆசிரியைகளின் வகுப்புகளில் அது எப்போதும் நடக்கும்.

நான் இருப்பது காவ்ரே மாவட்டத்தில், துலிக்கேலுக்குத் தெற்கே மலைச்சரிவில் உள்ள ஒரு சமூகப் பள்ளி; அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாலாம் ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். இங்கே பள்ளியாண்டு சைத்ர மாதத்தில் முடிந்து வைசாகத்தில் தொடங்குகிறது. நமக்குப் பங்குனி, சித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதிலேயே சைத்ரம்வரைதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சென்ற வாரம் சுவரில் தொங்கும் விக்கிரம ஆண்டு நாட்காட்டியில் தேதியைக் காட்டி மறுபடியும் சொன்னேன். யாரும் அழவில்லை. ஒரு பையன் மட்டும், வருகைப் பதிவேட்டில் நான் எழுதும் நான்கு நிறப் பேனாவை இங்கேயே விட்டுப்போவேனா, கொண்டுபோய்விடுவேனா என்று கேட்டான். விட்டுத்தான் போவேன் என்று சொன்னதும், யாரிடம் என்று அடுத்த கேள்வி வந்தது.

24 பிப்ரவரி

முதலில் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: உங்கள் மகள் பார்க்கும் பிள்ளைகள் இரவில் எங்கே படுக்கிறார்கள்? என் பிள்ளைகள் நாலு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். இல்லத்திலேயே தங்கும் பிள்ளைகள் என்றால் நான் நேற்று எழுதியதில் பாதிதான் பொருந்தும்.

1 மார்ச்

அங்கேயே தங்குகிறார்கள் என்றும், அக்கா தம்பி இருவரைப் பார்க்க அவர்களுடைய தாயே அவ்வப்போது வந்துபோகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாய் இருக்கும்போது பிள்ளைகள் ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள் என்று உங்கள் மகள் வியந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வியப்பை அவள் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

கம்போடிய அரசு யூனிசெஃப் துணையோடு 2015இல் எடுத்த கணக்கெடுப்பில் 406 தங்கும் இல்லங்களும் அவற்றில் 16,579 பிள்ளைகளும் இருந்தது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வறுமையும், பிள்ளை படித்தால் போதும் என்ற ஆசையும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. போர் முடிந்து நாளாகியும், சுற்றுலாப் பயணிகளும் தன்னார்வலர்களும் கூடக்கூட இல்லங்களும் கூடின. இல்லம் இருந்ததால் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அந்த அரசே 2017இல், குறைந்தது 30 விழுக்காட்டுப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் திட்டத்தை அறிவித்தது. ஆஸ்திரேலியா 2018இல், இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைமுறையில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டது. நேபாளத்திலும் கதை அதேதான். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர், படிக்கவைப்பதாகச் சொன்ன தரகர்களை நம்பிப் பிள்ளைகளைக் காத்மாண்டுவுக்கு அனுப்பினார்கள். அதை அறிந்ததால்தான், சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற இடமாக வேண்டும் என்று கேட்டு நான் இந்தப் பள்ளிக்கு வந்தேன்.

உங்கள் மகள் இருக்கும் இல்லம் எப்படிப்பட்டது என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நல்ல இல்லமாகவே இருக்கலாம். ஆனால் முதல் நாளே பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள் என்று அவள் மகிழ்ந்து எழுதியது எனக்கு உறுத்துகிறது. ருமேனியாவில் 1989க்குப் பிறகு வெளியே தெரியவந்த அரசு இல்லங்களில், முன்பின் தெரியாதவர் மடியிலும் தயங்காமல் ஏறிக்கொள்ளும் பிள்ளைகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். நிலையான ஒரு முகம் கிடைக்காத பிள்ளையின் பழக்கம் அது. 2000இல் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிடத் தேறினார்கள். வீட்டில் வளரும் பிள்ளை புதியவரைக் கண்டால் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எங்கள் பள்ளியில் நான் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தரும் என் பக்கத்தில் வரவில்லை.

2 மார்ச்

விசா பற்றிக் கேட்டவருக்கு: 1950இன் இந்திய நேபாள உடன்படிக்கையால் நமக்கு விசா வேண்டாம், கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ போதும். பிற நாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து தன்னார்வப் பணி செய்வது இங்கே சட்டப்படி குற்றம். வழி கேட்டவருக்கு: சென்னையிலிருந்து ராப்திசாகர் விரைவுவண்டியில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு பேருந்து. முதுகுவலி உள்ளவர்கள் விமானத்தில் வாருங்கள்.

5 மார்ச்

டவுணிலிருந்து ஒருவர், விடைபெறும் நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருட்டுக்கடை அல்வா அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு அல்வா கொடுத்துவிட்டுப் போனாள் என்று ஊரில் பேசுவீர்கள். நான் வரும்போது கொண்டுவந்ததை ஆசிரியர் அறையிலேயே முடித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் மட்டும் நெய் அதிகம் என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை எடுத்தார்.

பரிசு கொடுக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆளுக்கொரு பொருள் கொடுத்தால் அடுத்து வருபவரின் கையைத்தான் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள். பள்ளிக்கென்று கொடுப்பதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பொருட்பதிவேட்டில் ஏற்றிவிட்டால் போதும். படம் போடச் சொன்னவர்களுக்கும் இதே விடைதான்: போடப்போவதில்லை. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை நம் நாட்டின் இளைஞர் நீதிச் சட்டம், 2015, 74ஆம் பிரிவில் தடுக்கிறது. உள்ளூரில் செய்யக்கூடாததை எல்லை தாண்டினால் செய்யலாமா?

9 மார்ச்

களக்காட்டுத் தம்பி கேட்டிருப்பது கனமான கேள்வி: "டோனாவூரில் அம்மையார் திரும்பிப் போகவே இல்லையே, போவதைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குப் பதில் இருந்துவிடுவதுதானே அன்பு?"

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்து, 1951 ஜனவரியில் அங்கேயே கண்ணை மூடினார். ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்கு விடுப்பில் போகவில்லை. 1931இல் கீழே விழுந்த பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்த காலத்திலும் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. அவருடைய மதப்பணியைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்துகள் இருக்கலாம். அதை இங்கே இழுக்கவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தார்கள், அவரும் அந்த அழைப்புக்கு உரிய முழு விலையைக் கொடுத்தார் என்பதுதான் இங்கே பொருள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கிய வெள்ளைக்காரப் பெண்மணிகளும் ஏறக்குறைய அப்படித்தான்: ஆயுளைக் கொடுத்தார்கள், அல்லது தாங்கள் போனாலும் நிற்கக்கூடிய பள்ளியைக் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள்.

சில மாதங்களுக்கு வரும் நமக்கு அந்த இரண்டாவது வழிதான் திறந்திருக்கிறது. ஆனால் நம்மில் பலர் முதல் வழியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இங்கே காத்மாண்டுவில் நான் சந்தித்த ஓர் இளம்பெண், தான் கவனித்துக்கொண்ட பிள்ளைகளைத் தன்னை அம்மா என்றே கூப்பிடப் பழக்கியிருந்தாள். திரும்பும் விமானச்சீட்டு அவளுடைய பையிலேயே இருந்தது. என்னைப் பிள்ளைகள் மிஸ் என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஆக வேண்டாம் என்று நானே காத்துவந்தேன். சில மாலைகளில் அது கடினமாகத்தான் இருந்தது.

15 மார்ச்

முதல் பதிலில் கூடாது என்று ஒரே வெட்டாக வெட்டியிருந்தேன். இரண்டு நாட்களுக்கு முன் இங்கே ஹோலி. விடுமுறையில் பாலர் வகுப்பு ஆசிரியை வீட்டில் சாப்பிடும்போது காக்காய்ப் பேச்சு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

மூன்று, நான்கு வயதுக்கு நாட்காட்டி ஒன்றுமே சொல்லாது. "இன்னும் மூன்று வாரம்" என்றால் அந்தப் பிள்ளைக்கு அது நாளையும் இல்லை, என்றுமே இல்லை. அவர்களுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் சொன்னால் போதும். சொல்லும்போது அவர்களுக்குப் பழகிய ஆயாவோ ஆசிரியையோ பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அண்ணாச்சி சொன்ன வழக்கத்தில் ஒரு பாதி சரியானது: ஆச்சியின் இடுப்பு. தாய் எந்த வாசல் வழியாகப் போகிறாள் என்பதைவிட, போன பிறகு பிள்ளை யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான் பெரிது. 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வலியுறுத்தியதும் இதைத்தான்: சின்னப் பிள்ளைக்கு இடைவிடாத, நெருக்கமான ஒரு துணை வேண்டும். பின்னால் வந்தவர்கள் அது தாயாகவே இருக்க வேண்டியதில்லை என்று திருத்தினார்கள்.

ஆகவே உங்கள் மகள் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றுகிறேன். எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது. அந்த இல்லத்தில் அவள் போன மறுநாளும் அதற்கு மறுவருடமும் இருக்கப்போகிற உள்ளூர்ப் பெண் யார், பிள்ளைகள் அடிபட்டால் அவளிடம் ஓடுகிறார்களா, உங்கள் மகளிடம் ஓடுகிறார்களா என்பதே முதல் கேள்வி. உங்கள் மகளிடம்தான் ஓடுகிறார்கள் என்றால் இன்றிலிருந்தே அவள் ஒரு எட்டுப் பின்னால் நிற்கப் பழக வேண்டும்.

22 மார்ச்

பின்னால் நிற்பது எப்படி என்று கேட்டீர்கள். நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், பெருமைப்படும்படி இல்லை.

கழித்தலும் வகுத்தலும் ஏறாத பிள்ளைகளுக்காகப் பள்ளி முற்றத்து மண்ணில் ஏழேழாக இரண்டு வரிசைக் குழிகள் தோண்டி, குழிக்கு ஐந்து மக்காச்சோள மணிகள் போட்டுப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தேன். மொத்தம் 70 மணிகள். ஒருத்திக்கு 38 வந்தால் எதிராளிக்கு எத்தனை என்று எண்ணாமலே சொல்ல வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு அவள் ஏழு குழிகளை நிரப்பி மூன்றை மிச்சம் பிடிப்பாள். எதிராளி ஆறு குழிகளை நிரப்பி இரண்டு மிச்சத்தோடு ஒரு குழியைக் காலியாக விடுவாள். மீதியோடு வகுப்பது என்ன என்று அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வாரம் முதல் அந்த வகுப்பை உள்ளூர் ஆசிரியை எடுக்கிறார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாளே அவர் "பசு"வை எடுத்துவிட்டார். குழியில் நான்கு மணி சேர்ந்தால் உரியவர் எடுத்துக்கொள்ளும் விதி ஆட்டத்தை இழுத்தடிக்கிறதாம். பசு இல்லாமல் என்ன பல்லாங்குழி என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் இரண்டு பேருக்குள் தகராறு. கையில் மணிகளை மூடிக்கொண்டு ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தாள், தீர்ப்புக்காக. நான் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தேன். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. "இங்கே பார், நான் சொல்கிறேன்" என்று ஆசிரியை கூப்பிட்டார். அவள் கொஞ்சம் நேரம் என் தலையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

ஊரை விட்டுப் போவதற்கு முன்பே வகுப்பை விட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் நான் இங்கே கற்றுக்கொண்டது. கடைசி நாள்வரை நானே எடுத்து, கண்ணீரோடு முடித்துவிட்டு வண்டி ஏறியிருந்தால், மறுநாள் அந்த ஆசிரியை என் இடத்தில் நிற்கும் வேற்றாளாகத் தெரிந்திருப்பார். இப்போது நான்தான் அவருடைய வகுப்பில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். நான் கிளம்பினால் ஒரு நாற்காலி காலியாகும், அவ்வளவுதான்.

28 மார்ச்

மகள் சொல்லிவிட்டாள், அதிலிருந்து ஒரு பெண்பிள்ளை இரண்டு நாட்களாக அவளிடம் பேசவில்லை, இதற்குத்தான் சொல்ல வேண்டாம் என்றேன் என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள ஆள் எதிரே இருக்கும்போதே கோபித்துக்கொள்கிறாள், அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடி செய்திருந்தால் அதே கோபத்தை யாரிடம் காட்டியிருப்பாள்?

மகள் அவளைச் சமாதானப்படுத்த "அடுத்த வருடம் வருவேன், வாரம்தோறும் வீடியோவில் பேசுவேன்" என்று சொல்லிவிடக் கூடாது. வாரம் மாதமாகும், பிறகு தேய்ந்துபோகும். நிச்சயம் செய்யக்கூடியது ஒரு கடிதம் என்றால் ஒரு கடிதம் என்று சொல்லட்டும், அதையும் இல்லத்தின் வழியாக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அழக்கூடாது என்று நாம் கவலைப்படுவதாகச் சொல்கிறோம்; உள்ளுக்குள் அவர்கள் கொஞ்சமாவது அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பேனாவைப் பற்றி மட்டும் ஒருவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. இரவில் அது கொஞ்சம் வலித்ததும் உண்மை. கேக், பாட்டு, கட்டித்தழுவல் என்று வைக்கப்படும் பிரிவு விழாக்கள் பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்புக்காகவே நடக்கின்றன.

கேக்குக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வழியில் செலவிடலாம். கம்போடியாவிலும் புத்தாண்டு இந்த வருடம் ஏப்ரல் 14இல்தான். நமக்கும் அன்றுதான், நேபாளத்துக்கும் அன்றுதான். சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை எல்லாரும் கொண்டாடுகிறோம். அங்கே ஊரே சொந்த கிராமத்துக்குப் போகும் நாட்கள் அவை. அந்த அக்கா தம்பி இருவரும் தாயிடம் போகிறார்களா என்று இல்லத்தின் சமூகப் பணியாளரிடம் உங்கள் மகள் கேட்கட்டும். பேருந்துக் கட்டணம்தான் தடை என்றால் அந்தத் தடை சின்னது.

4 ஏப்ரல்

இங்கே திட்டமெல்லாம் கலைந்துவிட்டது. புதிய பள்ளிக் கல்விச் சட்டம் வேண்டும் என்று கேட்டு நாடு முழுவதும் உள்ள சமூகப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டாம் தேதி முதல் காத்மாண்டுவில் தெருவில் இறங்கியிருக்கிறார்கள். பல்லாங்குழியிலிருந்து பசுவை எடுத்த ஆசிரியையும் பதாகையோடு அங்கேதான் நிற்கிறார். ஆண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக அலமாரியில் இருக்கின்றன.

"பிள்ளைகளுக்காகக் கூடுதலாக ஒரு மாதம் இருங்கள்" என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். என் தம்பியோ, பதினொன்றாம் தேதி பங்குனி உத்திரம், சாஸ்தா கோயிலுக்கு நீ வராவிட்டால் பொங்கல் பானையை யார் இறக்குவது என்று வேறு பக்கம் இழுக்கிறான்.

இருக்கப்போவதில்லை, அதற்குச் சாஸ்தா காரணம் இல்லை. 2003 ஜூலையில் நம் மாநிலத்தில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் லட்சத்துக்கு மேல் ஒரே அடியில் வேலைநீக்கம் செய்யப்பட்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலைநிறுத்தத்தின்போது அந்த நாற்காலிகளில் வந்து அமர்ந்தவர்களைப் பற்றி ஆசிரியர் அறைகளில் என்ன பேசினோம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. ஊதியம் வாங்காத வெளிநாட்டுக்காரி ஒருத்தி வகுப்பை நடத்துகிறாள் என்பது, தெருவில் நிற்பவர்களுக்கு எதிராக யாராவது நாளை காட்டக்கூடிய சாட்சி. பள்ளி பூட்டிக் கிடக்கட்டும். பிள்ளைகள் மக்காச்சோள விதைப்பில் இருக்கிறார்கள்.

8 ஏப்ரல்

நாளைக் காலை கிளம்புகிறேன். இன்று தலைமையாசிரியர் திலகமிட்டு, தோளில் வெள்ளைத் துணி போர்த்தினார். பள்ளி மூடியிருந்ததால் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே வந்தார்கள். வந்தவர்களுக்கு இந்தச் சடங்கு தண்ணீர்பட்ட பாடு; இவர்களில் பலருடைய தகப்பன்மார் கத்தாரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், இதே திலகத்தோடு விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்துப் பழகியவர்கள். நம் பக்கத்துத் தெருக்களிலும் வளைகுடாவுக்குப் போனவரின் வீடு இல்லாத தெரு குறைவு; ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்குப் பிரிவைப் பற்றி நான்தான் சொல்லித்தர வேண்டும் என்று பிப்ரவரியில் நினைத்திருந்தேன் போலும்.

பேனா இப்போது தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. பச்சை நிறம் எழுதவில்லை.

20 ஏப்ரல், பாளையங்கோட்டை

அண்ணாச்சியின் மகள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த அக்கா தம்பி இருவரும் புத்தாண்டுக்குத் தாயிடம் போனார்களாம். இல்லத்திலிருந்து அவளுக்குச் செய்தி வந்திருக்கிறது. நிரந்தரமாகத் தாயிடமே இருக்க முடியுமா என்று சமூகப் பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நேபாளத்தில் போராட்டம் இன்னும் தொடர்கிறது, விடைத்தாள்களும் அலமாரியிலேயே.

அடுத்த வருடம் மறுபடியும் ஒரு மாதம் போகலாமா என்று அவள் கேட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகளோடு இருக்கப் போக வேண்டாம். அங்குள்ள ஆசிரியைகள் கணக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதிக் கேட்டால், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகலாம். அதுவரை கை சும்மா இருக்காது என்றால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை இல்லத்துக்குப் போகாமல் குடும்பத்திலேயே வளர, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. தகுதியிருந்தும் விண்ணப்பம் எழுதத் தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் நம் பக்கமும் உண்டு. அவளுக்கு விண்ணப்பம் எழுத வரும். திங்கட்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள். பத்தரை மணிக்கு முன்னால் போகாதே, ஆள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.